பப்புக்குள் குடிபுகுந்த பாட்டுகள்: ஷெஃபீல்ட் நாட்குறிப்பு

அக்டோபர் 27, 2024, ஞாயிறு

குளிர்காலத்துக்குக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் நாள், விடியற்காலை இரண்டு மணி ஒரு மணியாகிவிட்டது. மாலை ஐந்துக்குத் தெருவிளக்கு எரிகிறது. கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று வில்லியம் வில்லெட் என்ற கட்டடக்காரர் 1907-இல் சொந்தச் செலவில் கையேடு போட்டுப் பிரச்சாரம் செய்தார். சட்டம் வந்தது 1916-இல், உலகப்போரின் நடுவில். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அடுத்த வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இனி மார்ச் வரைக்கும் இப்படித்தான்" என்றார். எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருடம் முழுக்க மழையையும் காற்றையும் தாண்டிப் பேச்சு வளராது. நவம்பர் பாதி போய்விட்டால் ஆளே வேறு, ஏனென்றால் அவர் பப்பில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிறவர். வெளியூரில் பிரிட்டன் என்றால் அரண்மனை, குதிரைப்படை, மணிக்கூண்டு. வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் தென்கோடியில் இருக்கும் இந்த மலைச்சரிவு ஊர்களில் இருட்டுக்காலத்தை ஜனங்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய விஷயம். இந்த வருடம் அவ்வப்போது எழுதி வைக்கப்போகிறேன்.

நவம்பர் 2, சனி

பெரியவரின் மனைவி பார்க்கின் என்ற இஞ்சி கேக் செய்தார். கூப்பிட்டதால் சமையலறையில் நின்று பார்த்தேன். ஓட்ஸ் மாவு, கோதுமை மாவு, சுக்குப்பொடி, வெண்ணெய், அப்புறம் கரும்பாகு. தகர டப்பாவிலிருந்து கரும்பாகு இறங்கும் வேகத்தைப் பார்த்தால் நமக்குப் பொறுமை போய்விடும். அவர் கரண்டியைச் சுடுதண்ணீரில் நனைத்து நனைத்து எடுத்தார், பாகு ஒட்டாமல் நழுவி விழுந்தது. வெந்ததும் சாப்பிடக் கூடாதாம். மூடி போட்ட டப்பாவில் நாலு நாள் கிடந்தால்தான் ஈரம் ஊறிப் பிசுபிசுப்பு வரும். செவ்வாய்க்கிழமை கை ஃபாக்ஸ் இரவில் கொளுத்தும் சொக்கப்பனைக்கு இன்றே சுட்டதன் காரணம் அதுதான். தெற்கே லண்டன் பக்கம் பலருக்கு இந்தப் பண்டம் தெரியவே தெரியாது.

நவம்பர் 5, செவ்வாய்

ஒரு வாரமாகச் சூரியனைக் காணோம். காற்றே இல்லாத சாம்பல் வானம். நெருப்பு மூட்ட அதுவும் நல்லதாகப் போயிற்று.

கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்தில் பழைய மரப்பலகை, உடைந்த கதவு, வெட்டிய கிளை எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். கொளுத்துவதற்கு முன் இரண்டு பேர் டார்ச் அடித்து, கம்பால் குத்தி, அடியில் முள்ளெலி ஏதும் புகுந்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். குளிர்காலத் தூக்கத்துக்கு அது இந்த மாதிரிக் குவியலைத்தான் தேடிப் போகும். எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அது.

கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1605-இல், நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவைக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் பிடிபட்டார். முதலாம் ஜேம்ஸ் மன்னரைக் கொல்லக் கத்தோலிக்கர் சிலர் போட்ட சதி. மன்னர் பிழைத்ததற்கு ஒவ்வொரு வருடமும் நன்றி வழிபாடு நடத்த வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். கத்தோலிக்கர்மேல் வெறுப்பை வளர்த்த நாளாகவும் இது நெடுங்காலம் இருந்தது. போப்பின் உருவபொம்மையை எரித்த ஊர்கள் உண்டு. 1859-இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். வெறுப்பும் பெரும்பாலும் போய்விட்டது. நெருப்பு மட்டும் நிற்கவில்லை. கை ஃபாக்ஸ் பிறந்தது யார்க் நகரத்தில்; அவர் படித்த செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் மட்டும் இன்றுவரை அவர் பொம்மையை எரிப்பதில்லை. பழைய மாணவர் ஆயிற்றே.

சாப்பிட, மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டம், மசித்த பட்டாணி, மேலே ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ். இந்தக் கறுப்புச் சாறு ஷெஃபீல்டிலேயே தயாராகிறது. இதைப் பற்றி இந்த ஊர்க்காரரிடம் குறை சொல்லிவிட்டு நட்பாக இருக்க முடியாது. பார்க்கின் டப்பா கைமாறிக் கைமாறிக் காலியாகி வந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

போரில் இறந்தவர்களுக்கான நினைவு ஞாயிறு. கிராமத்துச் சிலுவைத் தூணின் முன்னால் ஒரு இருநூறு பேர் இருக்கும். கோட்டில் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூ இல்லாதவர்கள் குறைவு. பிரிட்டிஷ் லீஜியன் என்ற அமைப்பு படைவீரர் நலனுக்காக 1921-இல் தொடங்கிய வழக்கம் இது. பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் அசையாமல் நின்றார்கள். கைக்குழந்தை ஒன்று மட்டும் பேசிக்கொண்டிருந்தது, யாரும் அதை அடக்கவில்லை.

தூணில் உள்ள பெயர்களைப் படித்தேன். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறது. 1914-இல் ஷெஃபீல்ட் இளைஞர்கள் நண்பர்களாகச் சேர்ந்து ஒரே படைப்பிரிவில் பதிந்தார்கள். 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாள், செர் என்ற கிராமத்தின் முன்னால் அந்தப் பிரிவில் 500 பேருக்கு மேல் இறந்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். ஒரே தெருவில் பல வீட்டுக்கு ஒரே வாரத்தில் செய்தி வந்தால் எப்படி இருந்திருக்கும்.

பெரியவர் திரும்பி வரும்போது சொன்னது: "அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணி. பதினொன்றரைக்கே போனால்தான் உள்ளே இடம்." இறந்தவர்களை நினைத்து முடித்த பிறகுதான் கிறிஸ்துமஸ் பாட்டைத் தொடலாம் என்பது இங்கே எழுதாத விதி. கடைகளில் அக்டோபரிலேயே போட்டுவிடுகிறார்கள், அது வேறு.

நவம்பர் 17, ஞாயிறு

போனேன். வொரல் கிராமத்துப் பப். பதினொன்றரைக்கே நாற்காலி இல்லை.

முதலில் பின்னணி. பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும்பாலான கிராமத்துத் தேவாலயங்களில் ஆர்கன் கிடையாது. மேற்குப் பக்கத்து மாடத்தில் ஊர்க்காரர்களே வயலின், செல்லோ, குழல் எல்லாம் வைத்துக்கொண்டு பாடுவார்கள். கொல்லன், நெசவாளி, விவசாயக் கூலி, இப்படித்தான். சத்தம் பெரிசு, அலங்காரம் அதிகம். விக்டோரியா காலத்துப் பாதிரியார்களுக்கு அது பிடிக்கவில்லை. மாடத்தை இடித்தார்கள், ஆர்கன் வந்தது, வெள்ளை அங்கி போட்ட பாடகர் குழு வந்தது. பழைய பாட்டுகளுக்கு இடமில்லாமல் போயிற்று. இந்தப் பக்கத்து ஜனங்கள் அவற்றைக் கையோடு பப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டங்வர்த், ஸ்டானிங்டன், வொரல், எக்கிள்ஸ்ஃபீல்ட் என்று ஷெஃபீல்டின் வடக்கு, வடமேற்கு ஊர்களில் இன்னும் பாடுகிறார்கள். இயன் ரஸ்ஸல் என்ற நாட்டுப்புற இசை ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக ஊர் ஊராகப் போய் இவற்றை ஒலிப்பதிவு செய்து, சுரம் எழுதி, அச்சிட்டு வைத்திருக்கிறார்.

பன்னிரண்டு அடித்ததும் மூலையில் ஆர்கன்காரர் இரண்டு வரி வாசித்தார், அவ்வளவுதான். வரவேற்புரை இல்லை, நடத்துபவர் இல்லை, டிக்கெட் இல்லை. என் காதுக்கு அருகில் நாற்பது ஆண்கள் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள். நெஞ்செலும்பு அதிர்ந்தது. பெரியவர் ஒரு கையில் பைன்ட் கிளாஸ், இன்னொரு கை சட்டைப் பையில், கண் கூரையில். பாஸ் என்ற அடிக்குரல். பெண்கள் மேல் சுருதியில் ஒரு அடியை எடுத்துக்கொண்டு போக, ஆண்கள் அதே அடியை ஒரு தாளம் தள்ளிப் பிடித்து, துரத்தி, கடைசிச் சொல்லில் எல்லோரும் ஒன்றாக வந்து சேர்கிறார்கள். பாட்டுப் புத்தகம் சிலர் கையில்தான். மற்றவர்களுக்கு மனப்பாடம். பாட்டு நடுவில் பீர் வாங்கப் போகிறவரும் பாடிக்கொண்டேதான் போகிறார். ஊற்றித் தருகிற பெண்ணும் பாடுகிறார். நம்மூர் மார்கழி பஜனைக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தோஷம் பிடிபட ஒரு நிமிடம் போதும்.

பக்கத்தில் நின்ற பெண்மணி, முன்பின் பார்த்திராதவர், தன் புத்தகத்தை என் பக்கம் சாய்த்துப் பிடித்து, வரியை விரலால் காட்டிக்கொண்டே வந்தார். இரண்டு மணிவரை அப்படியே. போகும்போது "அடுத்த வாரமும் வா, லவ்" என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

பெர்ட் புயல். நேற்றிலிருந்து காற்று ஜன்னலை உலுக்குகிறது. வெளியே போகிற நாள் இல்லை.

வீட்டுக்குள் செய்ய வேலை இருந்தது. அட்வென்ட் என்ற கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு கிறிஸ்துமஸ் புட்டிங் கலக்கும் நாள். கிறிஸ்துவுக்கும் பன்னிரண்டு சீடர்களுக்குமாகப் பதின்மூன்று பொருள் என்பது கணக்கு. உலர்ந்த திராட்சை வகைகள், ரொட்டித்தூள், சூவட் என்ற மாட்டுக்கொழுப்பு, பழுப்புச் சர்க்கரை, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல், பிராந்தி. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு சுற்று கலக்கி மனசுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்ள வேண்டும், குழந்தை இயேசுவைப் பார்க்க ஞானிகள் வந்த திசை அது. பக்கத்து வீட்டில் பேரக்குழந்தைகள் வந்திருந்தார்கள், எனக்கும் கரண்டி வந்தது. கெட்டியோ கெட்டி, இரண்டு கையும் வேண்டியிருந்தது. பழைய வெள்ளி ஆறு பென்ஸ் காசு ஒன்றைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்து உள்ளே புதைத்தார் பாட்டி. அவருடைய அம்மா காலத்திலிருந்து அதே காசுதானாம், யாருக்குக் கிடைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பல மணிநேரம் ஆவியில் வேகும். இப்போது பெரும்பாலோர் கடையில்தான் வாங்குகிறார்கள். கடைப் புட்டிங் ருசியில் மோசமில்லை, ஆனால் அதில் யாரும் எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. இன்று டங்வர்த் பக்கம் போனோம். இங்கே பாட்டுகள் பல அதேதான், மெட்டு வேறு.

'வைல் ஷெப்பர்ட்ஸ் வாட்ச்ட்' (ஆயர்கள் காவல் காத்தபோது) என்ற கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நேஹம் டேட் எழுதியது, 1700-இல் அச்சானது. பைபிளில் உள்ள சங்கீதங்களைத் தவிர வேறு பாட்டைத் தேவாலயத்தில் பாட இங்கிலாந்துத் திருச்சபை தயங்கிய காலம். கிறிஸ்துமஸுக்கு அனுமதிக்கப்பட்டது நெடுநாள் இது ஒன்றுதான். வார்த்தை ஒன்றே ஒன்று என்றால் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள், மெட்டைப் போட்டுத் தள்ளினார்கள். இந்த வட்டாரத்தில் மட்டும் பத்துக்கு மேற்பட்ட மெட்டுகள் புழக்கத்தில் உண்டு. அதற்கான மெட்டுகளில் ஒன்று கிரான்புரூக். கேன்டர்பரியைச் சேர்ந்த தாமஸ் கிளார்க் என்ற செருப்புத் தொழிலாளி போட்டு 1805-இல் வெளியானது. இன்று யார்க்‌ஷயரே தன் தேசிய கீதம் மாதிரிப் பாடும் இல்க்லி மூர் பாட்டின் மெட்டு அதுதான்.

எந்த மெட்டு எந்த ஊருடையது என்பதில் இவர்களுக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பெரியவர் ஒரு பாட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்டேன். "இவர்கள் பாடுவது இவர்கள் மாதிரி. நான் எங்கள் ஊர் மாதிரிதான் பாடுவேன்" என்றார். இரண்டு ஊருக்கும் நடுவே சில மைல்தான். இந்தப் பிடிவாதம்தான் இத்தனை மெட்டையும் காப்பாற்றியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பாட ஒத்துக்கொண்டிருந்தால் என்றைக்கோ ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும்.

கவலையும் உண்டு. நாடு முழுக்கக் கிராமத்துப் பப்கள் மூடிக்கொண்டிருக்கின்றன. பப் போனால் இந்தப் பாட்டு எங்கே போகும்? தேவாலயத்திலிருந்து ஒருமுறை வெளியேறி இடம் தேடிக்கொண்டது. இரண்டாவது முறை அவ்வளவு எளிதாக நடக்காது.

டிசம்பர் 25, புதன்

பக்கத்து வீட்டில் விருந்து. மேசையில் ஆளுக்கொரு கிராக்கர் என்ற காகிதக் குழல். டாம் ஸ்மித் என்ற லண்டன் மிட்டாய்க்காரர் 1840-களில் தொடங்கி வைத்தது. எதிரில் இருப்பவரோடு ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால் பட்டென்று வெடிக்கும். உள்ளே இருக்கும் காகிதக் கிரீடத்தை எண்பது வயதுப் பெரியவர் உட்பட எல்லோரும் சாப்பாடு முடியும்வரை கழற்றவில்லை. மூன்று மணிக்கு மன்னர் உரை. 1932-இல் ஐந்தாம் ஜார்ஜ் வானொலியில் தொடங்கிய பழக்கம். பாட்டி மட்டும் உன்னிப்பாகக் கேட்டார். புட்டிங் மேல் பிராந்தி ஊற்றி நீலச் சுவாலையோடு கொண்டு வந்தார்கள். காசு கடைசிப் பேத்திக்கு.

டிசம்பர் 26, வியாழன்

கிறிஸ்துமஸுக்கு மறுநாளான பாக்சிங் டே, காலை பதினொரு மணி, கிரெனோசைட் கிராமம். வாளாட்டம் பார்க்கத் தெரு நிறைய ஆள். ஆறு பேர், காலில் கிளாக்ஸ் என்ற மர அடி வைத்த செருப்பு, கையில் நீண்ட இரும்பு வாள். கூடவே தோல் தொப்பி போட்ட ஒரு தலைவர். ஒருவர் வாளின் முனையை அடுத்தவர் பிடித்து வளையமாகி, கையை விடாமலே வாளுக்கு அடியில் நுழைந்து, மேலே தாண்டி, திரும்பி ஆடுகிறார்கள். பிடில் வேகம் கூடக் கூட மர அடிச் சத்தம் தார்ச்சாலையில் பறை மாதிரிக் கேட்டது. ஒரு கட்டத்தில் ஆறு வாளையும் பின்னித் தலைவர் கழுத்தைச் சுற்றிப் பூட்டினார்கள். சட்டென்று உருவினார்கள், தொப்பி பறந்தது. அவருடைய தலை போய்விட்டதாகப் பொருள். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் கூட்டம் பப்புக்குள் போனது, இந்த வருடத்துக் கடைசிப் பாட்டு. ஆடியவர்களில் ஒருவர் வியர்வையோடு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ் வரிசையில் வந்து நின்றார். பெரியவரின் பேரன், பதினான்கு வயது, குரல் இப்போதுதான் உடைந்திருக்கிறது; முதன்முறையாகத் தாத்தா பக்கத்தில் பாஸ் பாடினான். பாதி அடி தப்பாகப் போயிற்று. தாத்தா திருத்தவில்லை, கொஞ்சம் சத்தமாகப் பாடினார், பையன் பிடித்துக்கொண்டான். வெளியே வரும்போது, வரும் நவம்பர் 16 ஞாயிற்றுக்கிழமை, நினைவில் வைத்துக்கொள் என்று அவனிடமும் என்னிடமும் சேர்த்துச் சொன்னார்.