குதிரை எத்தனை வைக்கலாம்?
யூரோபா யூனிவர்சலிஸ் 4ங்கிற கணினி வியூக விளையாட்டை ஆடுறவங்க அடிக்கடி சறுக்குற இடம் குதிரைப்படை. காலாட்படை ஒரு ரெஜிமெண்ட் (படைப்பிரிவு) 10 டுகாட் (விளையாட்டுக் காசு), குதிரை 25. காசு இருக்கேன்னு பாதிக்குப் பாதி சேர்த்துடுவாங்க. பெரும்பாலான நாடுகளுக்கு, காலாட்படையும் குதிரையும் சேர்ந்த கணக்குல குதிரைக்கு வரம்பே 50%தான். சண்டை நடுவுல காலாட்படை செத்துச் செத்து விழும்போது விகிதம் தானா தாண்டிடும், உடனே படையோட டாக்டிக்ஸ் (போர்த் தந்திர மதிப்பு) அடிவாங்கும். ஜெயிக்க வேண்டிய சண்டை கைவிட்டுப் போறது இப்படித்தான்.

குதிரையோட உண்மையான பலம் பக்கவாட்டு வீச்சு. காலாட்படை எதிரே நிக்கிறவனையும் பக்கத்துக் கட்டத்தையும் தொடும், குதிரை இரண்டு கட்டம் தள்ளி அடிக்கும். எதிரி வரிசை உங்களுதைவிடச் சின்னதா இருந்தாத்தான் இதுக்கு வேலை. அதனால ஓரத்துக்கு இரண்டுன்னு மொத்தம் 4 போதும். மிலிட்டரி டெக் (ராணுவத் தொழில்நுட்ப நிலை) 7ல பீரங்கி வந்த பிறகு, மிச்சக் காசைப் பின்வரிசையில நிக்கிற பீரங்கியில போடுங்க. புல்வெளி நாடோடிகள் கணக்கு வேற: சமவெளியில குதிரையைக் குவிக்கலாம், மலைப்பக்கம் மட்டும் போகாதீங்க.

என் குறை ஒண்ணுதான். இலகு குதிரை, கனரகக் குதிரைன்னு தனித்தனி வகையே இதுல கிடையாது. நிஜ வரலாற்றைப் பாருங்க: 1728ல பால்கேட்ல மராத்தியப் பேஷ்வா முதலாம் பாஜிராவ் ஹைதராபாத் நிஜாமைப் பெரிய நேரடிச் சண்டையில தோற்கடிக்கல. குதிரைப்படையோட வேகமா ஓடி, நிஜாமைப் பீரங்கிகளைப் பின்னால விட்டுட்டுத் துரத்தவெச்சு, தண்ணியும் தானியமும் கிடைக்காம வளைச்சார். இந்த விளையாட்டுல அதைச் செய்ய ஒரு பட்டன்கூட இல்லை!