பெரிய கோப்புகளுக்கு ஒரு கிட் களஞ்சியம்

வீட்டுக் கல்யாணக் காணொளிகளையும் தாத்தாவின் ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிய பதிவுகளையும் கிட்-அனெக்ஸில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கோப்புகளின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் ‘கிட்’ மென்பொருளோடு சேர்ந்து பெரிய கோப்புகளை நிர்வகிக்க, ஜோயி ஹெஸ் 2010இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. பெரிய கோப்புகளை வைத்துக்கொண்டு திண்டாடும் நண்பர்கள் அவசியம் பாருங்கள்.

கோப்புறையைக் களஞ்சியமாக, அதாவது கிட் கண்காணிக்கும் இடமாக மாற்ற, அதற்குள் போய் முதலில் ‘கிட் இனிட்’ (git init), அடுத்து ‘கிட் அனெக்ஸ் இனிட்’ (git annex init) கட்டளைகளைக் கொடுங்கள். இரண்டாவது கட்டளையோடு ‘மடிக்கணினி’, ‘அலமாரி வட்டு’ என்று ஒரு பெயரும் கொடுங்கள். சோம்பல்படாதீர்கள். ஒரு கோப்பு எங்கெங்கே இருக்கிறது என்று பின்னாளில் ‘வேர்இஸ்’ (whereis) கட்டளையில் கேட்கும்போது இந்தப் பெயர்களைத்தான் அது காட்டும்.

வெறும் கிட்டில் 4 ஜிபி காணொளியைச் சேர்த்தால் அது வரலாற்றிலேயே தங்கிவிடும். களஞ்சியத்தின் ஒவ்வொரு நகலும் அதைச் சுமக்கும். அனெக்ஸில் கிட் சுமப்பது கோப்பின் பெயரையும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்புக் குறியீட்டையும்தான். உள்ளடக்கம் தனியே இருக்கும்; தேவைப்படும் கணினியில் மட்டும் ‘கெட்’ (get) கட்டளை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, குறைந்தது எத்தனை நகல்கள் வேண்டும் என்று சொல்லும் ‘நம்காப்பீஸ்’ (numcopies) அமைப்பு. அதை 2 என்று வைத்தால், வேறு இரண்டு இடங்களில் நகல் இருப்பதை உறுதிசெய்துகொள்ளாமல் ‘டிராப்’ (drop) கட்டளை இந்தக் கணினியிலிருந்து உள்ளடக்கத்தை நீக்காது. எவ்வளவு பெரிய நிம்மதி! இயல்பாக அது 1 என்றுதான் இருக்கும். களஞ்சியத்தைத் தொடங்கும் அன்றே மாற்றிவிடுங்கள்.