சிலி ரஸ்போரா தொட்டி: வாய் அளவுக்குத் தீனி

ஜூன் 3
ஸ்பாஞ்ச் ஃபில்டர் (காற்றால் ஓடும் பஞ்சு வடிகட்டி) ஓடத் தொடங்கி ஐந்தாவது வாரம். மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவை ஃபில்டரில் வளர்ந்த பாக்டீரியா நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறதா என்று பார்க்க, நேற்று 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும்படி அம்மோனியா விட்டது. இன்று அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். ஏறியிருப்பது நைட்ரேட் மட்டும்தான். முக்கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டால் 30 லிட்டர் தொட்டி மீனுக்குத் தயார். இந்தச் சோதனையில் தேறாத தொட்டியில் பொடி மீன்களை விடவே கூடாது.

ஜூன் 5
எந்த மீன்? வாங்குபவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், உடல் நீளத்தைப் பார்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை வாயின் அளவும், அந்த மீன் பழகிய தண்ணீரும்.

சிலி ரஸ்போரா முழுதாக வளர்ந்தாலும் 2 செ.மீ. தாண்டாது. போர்னியோவின் சதுப்புகளில், இலை ஊறிக் கறுத்த தண்ணீரில் வாழ்வது. மென்னீர் (கால்சியம் போன்ற உப்புகள் குறைந்த நீர்) வேண்டும்; பிஎச் (அமில-கார அளவு) 5 முதல் 7 வரை. செலஸ்டியல் பேர்ல் டானியோ மியான்மரின் ஷான் மேட்டுநிலத்து மீன். 22–24 டிகிரியும், கொஞ்சம் கடினமான நீரும் அதற்குப் பிடிக்கும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இருக்கும் என்பதற்காக ஒன்றாக வளர்ப்பது சரியில்லை. முதன்முறை வளர்ப்பவர்களுக்கு எம்பர் டெட்ராதான் என் பரிந்துரை. உலர் தீனியைத் தயங்காமல் தின்னும். ஸ்கார்லெட் பேடிஸ் பெரும்பாலும் உயிர்த் தீனியைத் தவிர எதையும் தொடாது. அதை வாங்குமுன் தீனி வளர்ப்பைத் தொடங்கிவிட வேண்டும். பட்டாணி பஃபர் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். அதற்குத் தனித் தொட்டி.

இங்கே குழாய் நீர் மென்மையானது. அதனால் சிலி ரஸ்போரா, பத்து.

ஜூன் 8
மீன் வந்தது. வாங்கும்போது வயிறு உள்வாங்கியதையும் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்பதையும் தவிர்க்க வேண்டும். முடிந்தால் கடையிலேயே தீனி போட்டுக் காட்டச் சொல்வது நல்லது.

மீனைப் புதுத் தண்ணீருக்குப் பழக்க, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு சொட்டு வீதம் பைத் தண்ணீரில் தொட்டி நீரைச் சேர்த்தால் போதும். ஆனால் பல மணி நேரம் பையில் பயணித்த மீனுக்கு இந்த முறை ஆபத்து. பைக்குள் கார்பன் டைஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அதனால் அம்மோனியாவின் நச்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறி, நச்சும் ஏறும். அப்படிப்பட்ட மீனை வெப்பநிலை சமமானதும் வலையில் எடுத்துத் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

இன்று விளக்கு இல்லை, தீனி இல்லை.

ஜூன் 10
உலர் தீனி. சாதாரண பெல்லட் 1 மி.மீ. இருக்கும், இந்த வாய்க்கு அது நுழையாது. வாயில் எடுத்துத் துப்பினால் தின்றுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பெல்லட்டை 0.3 மி.மீ. அளவுக்கு நுணுக்கி, ஒரு ஸ்பூன் தொட்டி நீரில் நனைத்துவிட வேண்டும். நனையாத தூள் மேற்பரப்பிலேயே ஒட்டி நிற்கும். இந்த மீன்களோ நடுநீரில் மிதந்து வருவதைத்தான் கொத்தும், தரையில் விழுந்ததைத் தேடிப் போவது அரிது. தீனி நேரத்தில் ஐந்து நிமிடம் காற்றைக் குறைத்தால் தூள் ஃபில்டரில் போய் ஒட்டாது.

ஜூன் 13
ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் சின்னஞ்சிறு இறால் வகை) முட்டையிலிருந்து குஞ்சு பொரித்தாயிற்று. நிறத்தையும் சுறுசுறுப்பையும் கொண்டுவர இதற்கு நிகரான தீனி இல்லை.

1 லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் முட்டை. தலைகீழாக நிறுத்திய பாட்டிலின் அடிவரை காற்றுக்குழாய் போக வேண்டும். முட்டை எங்கும் தேங்கக் கூடாது. வெளிச்சமும் 27–28 டிகிரியும் இருந்தால் சுமார் 24 மணி நேரத்தில் பொரியும். குளிர்ந்த அறையில் ஒன்றரை நாள்கூட ஆகும். பிறகு காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும். பாட்டிலின் கீழ்ப்பகுதியில் டார்ச் காட்டினால் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அங்கே திரளும். சிறு குழாயால் உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடிகட்டி, நன்னீரில் அலச வேண்டும். ஓடு கலந்துவிட்டால் சின்ன மீன்களின் குடல் அடைபடும்.

பொரித்த குஞ்சு அரை மி.மீ.க்குள்தான் இருக்கும். அது தன் கருவுணவைத் தானே கரைத்துக்கொண்டிருப்பதால் தாமதிக்கத் தாமதிக்கச் சத்து குறையும். மிஞ்சியதை உப்புநீரோடு குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

ஜூன் 19
முன்னால் நிற்கும் ஆண்களே முதலில் தின்கின்றன; இரண்டு மீன்கள் செடிக்குப் பின்னால், வயிறு ஒட்டி. தீனியைக் கூட்டுவது தீர்வாகாது. அதே அளவை சிரிஞ்சில் எடுத்துத் தொட்டியின் இரு முனைகளிலும் பிரித்து விட வேண்டும். வினிகர் ஈல் (வினிகரில் வளர்க்கும் நுண்புழு) இதற்கு ஏற்றது: தண்ணீருக்குள் நாள்கணக்கில் உயிரோடு நீந்தும், கூச்சமுள்ள மீன் தன் நேரத்தில் தின்னலாம். மைக்ரோ வார்ம் என்ற இன்னொரு நுண்புழு சீக்கிரம் தரைக்கு இறங்கிவிடும்.

ஜூன் 27
கண்ணாடியில் வெள்ளை நூல்புழுக்கள். மீனுக்குக் கெடுதல் செய்யாதவைதான். ஆனால் தீனி மிஞ்சுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம். நைட்ரேட் 30 பிபிஎம். மருந்து எதுவும் தேவையில்லை: தரையை உறிஞ்சி, கால் பங்கு நீரை மாற்றி, தீனியைப் பாதியாக்கினால் போதும். வயிறு லேசாக உருண்டதும் நிறுத்திவிட வேண்டும். இனி காலையில் நுணுக்கிய பெல்லட், மாலையில் ஆர்டீமியா, ஞாயிறன்று ஒன்றும் இல்லை.