வீட்டுல தூண்டில் குண்டு வார்க்கிறதுக்கு நான் பாவிக்கிற சாமான்கள்

திருகோணமலை டச்பே கரையில நிண்டு எறியிறதுக்கும் கோணேசர் மலைக்கு வெளியால வள்ளத்தில போய் இறக்கிறதுக்கும் தூண்டிலைத் தாழ்க்கக் கட்டுற ஈயக் குண்டு ஒரே மாதிரி இருந்தாச் சரிவராது எண்டது இஞ்ச தூண்டில் போடுற எல்லாருக்கும் தெரியும். கரையில மணல், அலை இழுக்கும், உருண்டைக் குண்டு போட்டா அது உருண்டு உருண்டு திரும்பக் காலடிக்கே வந்திடும், அதுக்கு பிரமிட் மாதிரி மூலை உள்ள குண்டு வேணும், மூலை மணலுக்குள்ள குத்திப் பிடிச்சுக்கொள்ளும். வெளியால போனா கதை வேற. நம்மட கடல் கரையில இருந்து கொஞ்சத் தூரத்திலயே சடார் எண்டு ஆழம் போற கடல், கொட்டியாரக்குடாவில இருந்தே கடலுக்கடியில பெரிய பள்ளத்தாக்கு துவங்குது, அங்க நீரோட்டம் இழுக்கிற நேரம் தங்கூசி (தூண்டில் நூல்) சரிஞ்சு போகாம நேரா இறங்கோணும் எண்டா நீட்டு மெல்லிசுக் குண்டு, அதுவும் பாரமா வேணும். கடையில போய்க் கேட்டா இருக்கிறது ரெண்டு மூண்டு சைஸ்தான். கலவாய் மீன் பிடிக்க பார் (கடலடிப் பாறைத்திட்டு) பக்கம் போனா கல்லுக்குள்ள மாட்டி அறுந்து போற குண்டுக்குக் கணக்கே இல்ல. அதாலதான் நான் சொந்தமா வார்க்கத் துவங்கினது, இப்ப கடைக் குண்டை நான் கையால தொடுறதில்ல.

இந்த ஆசையைக் கிளப்பி விட்டது கனடாவில இருக்கிற என்ட பெரியம்மாட மகன் அண்ணைதான். அவர் அங்க துப்பாக்கி சுடுற கிளப் ஒண்டில இருக்கிறார், சுட்ட பித்தளைக் கோதை எறியாம எடுத்து வந்து வீட்டு கராஜுக்குள்ளயே திரும்ப ரவை நிரப்புறவர், அங்க அதுக்கு அனுமதி இருக்கு. மேசையில பூட்டின ஒரு பிரஸ், அதில லீவரை இழுத்தா கோது பழைய அளவுக்கு வரும், எரிஞ்சுபோன பிரைமர் (வெடிமருந்தைப் பத்த வைக்கிற சின்ன மூடி) வெளிய விழும், பிறகு புதுப் பிரைமர், நிறுத்துப் போடுற மருந்து, மேல குண்டு. மருந்தை கிரெயின் எண்ட அளவில நிறுக்கினம், ஒரு கிரெயின் ஒரு கிராமில பதினைஞ்சில ஒரு பங்குதான், அதிலயும் பத்தில ஒண்டு வரைக்கும் பார்க்கிறார். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கு அவரில பெரிய மரியாதை. நம்ம நாட்டில அதைச் செய்யச் சட்டம் விடாது, எனக்கு அது தேவையும் இல்ல. ஆனா அவர் ஈயக்குண்டையும் தானே வார்க்கிறவர், வீடியோ கோலில அதைக் காட்டினபோதுதான் விளங்கிச்சு அந்தப் பாதி வேலை முழுக்க நம்மட தூண்டில் குண்டு வேலையேதான் எண்டு. அதே ஈயம், அதே சட்டி, அதே கரண்டி, அச்சு மட்டும்தான் வேற.

முதல் அந்தக் கரண்டியைப் பற்றிச் சொல்லோணும், எனக்கு உயிர் அதில. லைமன் எண்ட அமெரிக்கக் கம்பனிட சாமான், அண்ணை ஊருக்கு வந்த ஆளிட்ட குடுத்து அனுப்பினது. சாதாரணக் கரண்டி மாதிரி வாய் திறந்து இருக்காது, இரும்புக் கிண்ணத்தின்ட அரைவாசி மூடி இருக்கும், பக்கத்தில ஒரு சின்ன மூக்கு, பிடி மரம். உருகின ஈயத்துக்கு மேல எப்பவும் ஒரு சாம்பல் ஆடை மிதக்கும், கசடு, அது அச்சுக்குள்ள போனா குண்டில ஓட்டை ஓட்டையா வரும். இந்தக் கரண்டியை உள்ளுக்கு அமத்தி எடுத்தா கீழ இருக்கிற சுத்தமான ஈயம்தான் ஏறும், மூக்கை அச்சின்ட வாயில வச்சு ரெண்டையும் சேர்த்துச் சரிச்சா கம்பி மாதிரி இறங்கும், வெளிய ஒரு சொட்டுச் சிந்தாது. முந்தி எல்லாரும் மாதிரி நானும் டின்பால் பேணியை நெளிச்சு குறட்டால பிடிச்சுத்தான் ஊத்தினன். பேணி நிறைய ஈயம் எண்டா 3 கிலோவுக்கு மேல பாரம், குறடு நழுவினா கால் போயிடும். பேணியைப் பாவிக்கிற ஆக்கள் தயவு செய்து கால்வாசிக்கு மேல அள்ளாதேங்கோ.

அச்சுக்கு நான் எல்லாத்தையும் பார்த்திட்டுத்தான் அலுமினியத்துக்கு வந்தன். ஆத்து மணலில குழி பறிச்சு ஊத்திறது ஆகச் சுகம், ஆனா ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வடிவம். பாலை மரத்தில செதுக்கின அச்சு கொஞ்சக் காலம் நல்லா வேலை செய்யும், போகப் போகக் கருகி உள்பக்கம் பெருத்துக்கொண்டு வரும். பிளாஸ்டர் ஒவ் பாரிஸ் எண்டு சொல்றவை இருக்கினம், அது பார்க்க நல்லாக் காஞ்ச மாதிரி இருந்தாலும் அதின்ட உடம்புக்குள்ளயே தண்ணி சேர்ந்து இருக்கு, சூடான ஈயம் படேக்க அந்தத் தண்ணி ஆவியா வெளிக்கிட்டு ஈயத்தை முகத்துக்கு அடிக்கும், நான் அதை ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்க மாட்டன். அலுமினியக் கட்டி ரெண்டை லேத் கடையில குடுத்து, ஒண்டோட ஒண்டு பொருந்துற மாதிரி ரெண்டு பின் வச்சு, நடுவில குண்டின்ட வடிவத்தைக் கடைஞ்சு எடுத்தா அது காலத்துக்கும் கிடக்கும். லேத்காரருக்கு அளவு சொல்ற கணக்கு இதுதான்: ஈயம் ஒரு கன சென்ரிமீற்றர் 11.34 கிராம், அதால 50 கிராம் உருண்டைக்கு விட்டம் 20 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல, 100 கிராமுக்கு 25.6 வரும். கவனிச்சீங்களோ, 5 மில்லிமீற்றர் கூட்டினாப் பாரம் ரெண்டு மடங்கு. கண்மட்டத்துக்குச் சொன்னா நினைச்ச குண்டு வராது. அண்ணை பழைய தராசு ஒண்டையும் அனுப்பினவர், சின்ன டிஜிட்டல் தராசு, வார்த்ததை எல்லாம் அதில போட்டுப் பார்த்துத்தான் பெட்டியில வைப்பன்.

குண்டுக்கு நடுவில தங்கூசி ஓடுற ஓட்டைக்கு நான் பாவிக்கிறது பழைய சைக்கிள் ஸ்போக். இதை விட நல்ல சாமான் கிடையாது. ரெண்டு மில்லிமீற்றர் தடிப்பு, நேரா இருக்கும், எந்தச் சைக்கிள் கடையிலயும் சும்மா தருவினம். மெழுகுதிரிச் சுவாலையில பிடிச்சா கரி மெல்லிசாப் படியும், அதோட அச்சுக்குள்ள வச்சு மேல ஊத்தினா, ஆறின பிறகு குறட்டால ஒரு திருகு திருகி இழுக்க வழுக்கிக்கொண்டு வரும். கரி பிடிக்காத ஸ்போக் ஈயத்தோட இறுகிப் போயிடும், பிறகு சுத்தியல்தான். அச்சின்ட உள்பக்கத்துக்கும் அதே மெழுகுதிரிக் கரிதான், ஈயம் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். ஓட்டையின்ட ரெண்டு வாயையும் பிறகு ஒரு பெரிய ட்ரில் பிட்டைக் கையால பிடிச்சு ஒருக்கா சுத்தி விடோணும், கூர் விளிம்பு இருந்தா தங்கூசியை அரிச்சு அறுத்துப் போடும், பெரிய பாரை மீன் ஒண்டு இழுக்கிற நேரம் பார்த்துத்தான் அது அறும்.

அடுப்பு, சட்டி பெருசாச் சொல்ல ஒண்டுமில்ல. காஸ் பேர்னர் ஒண்டு, தடிச்ச இரும்புத் தாச்சி ஒண்டு. அந்தத் தாச்சி திரும்பக் குசினிப் பக்கம் போகவே கூடாது, நான் அதுக்குச் சிவப்புப் பெயின்ற் அடிச்சு வச்சிருக்கன். அலுமினியச் சட்டி வேண்டாம், சூட்டில அடி இளகிப் பாரம் தாங்காமப் போயிடும். ஈயம் 327 பாகை செல்சியஸில உருகும், ஊத்திறதுக்கு அதை விட ஒரு 50, 60 பாகை கூட இருந்தாப் போதும். தெர்மோமீற்றர் இல்லாட்டி மேல்தோலைப் பாருங்கோ, கசடை ஒதுக்கின இடத்தில வெள்ளி மாதிரிப் பளிச்செண்டு இருந்தா நல்லம், மஞ்சளும் நீலமுமா நிறம் ஓடினா சூடு கூடிப்போச்சு, நெருப்பைக் குறையுங்கோ. குண்டு சுருக்கம் சுருக்கமா வந்தா அச்சு குளிர், முதல் வார்க்கிற சிலது அப்பிடித்தான் வரும், அதைத் திரும்பச் சட்டியில போடுங்கோ. போடுறதுக்கு முன்னம் அது காஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ.

காஞ்சிருக்கோ எண்டதை நான் எத்தனை தரம் சொன்னாலும் காணாது. உருகின ஈயத்துக்குக் கீழ ஒரு சொட்டுத் தண்ணி போனா அது அந்தக் கணமே ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல பெருக்கும், சட்டியில இருக்கிறது முழுக்க மேல எழும்பி வந்து உங்கட மேல விழும். இஞ்ச பொதுவா வாடைக்காலத்தில, கடல் அடிச்சு வள்ளம் இறக்க ஏலாம எல்லாரும் வீட்டில இருக்கிற நேரத்திலதான் குண்டு வார்க்கிற வேலையும் வலை பொத்துற வேலையும் நடக்கும். வலை பொத்துங்கோ, சந்தோசம். குண்டு வார்க்கிறதை மட்டும் கச்சான் காத்து அடிக்கிற வெயில் காலத்துக்கு வையுங்கோ. மார்கழி மழையில அச்சு, கரண்டி, ஈயக்கட்டி, நிக்கிற தரை எல்லாத்திலயும் ஈரம் ஊறி இருக்கும், ஆடியில உச்சி வெயிலில ரெண்டு மணித்தியாலம் முத்தத்தில பரப்பி வச்சாலே எல்லாம் காஞ்சு போகும். சீமெந்துத் தரைக்கு மேலயும் ஊத்தாதேங்கோ, சிந்தின ஈயம் பட்டா சீமெந்து வெடிச்சுத் தெறிக்கும், காஞ்ச மணலைப் பரப்பி அதுக்கு மேல வேலை செய்யுங்கோ. கண்ணாடி, தோல் கையுறை, சப்பாத்து, நீட்டுக் காற்சட்டை. சறத்தோடயும் செருப்போடயும் நிண்டு ஈயம் ஊத்திற ஆக்களைக் கண்டா எனக்கு நெஞ்சு பதறும்.

அதை விட மெதுவாக் கொல்றது ஈயத் தூசு. கசடுதான் ஆக மோசம், மாவு மாதிரி, காத்தில பறக்கும், நான் அதை மூடி உள்ள பேணியில போட்டு இறுக்கி வைப்பன், வளவுக்குள்ள கொட்ட மாட்டன். சின்னப் பிள்ளையளை அந்தப் பக்கமே விடுறதில்ல, இவ்வளவு ஈயம் உடம்புக்குள்ள போனாப் பரவாயில்ல எண்டு ஒரு அளவே பிள்ளையளுக்கு இல்ல, மூளையைத்தான் அது பிடிக்கும். வேலை முடிஞ்சதும் சவுக்காரம் போட்டுக் கை கழுவாம தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாதேங்கோ. சின்ன ஈயமணியைப் பல்லால கடிச்சு தங்கூசியில இறுக்கிற பழக்கம் நம்மட ஆக்களில கனபேருக்கு இருக்கு, பத்துப் பன்னிரண்டு வயசுப் பெடியள் கூடச் செய்யுறாங்கள், தம்பிமாரே அதுக்குத்தான் குறடு. இங்கிலாந்தில 1987ல 28 கிராமுக்குக் கீழான சின்ன ஈயக் குண்டுகளையே தடை செய்தவை, அன்னங்கள் அதைக் கல் எண்டு விழுங்கிச் செத்ததால. அதை அறிஞ்ச பிறகு நான் சின்னச் சைஸ் வார்க்கிறதை விட்டிட்டன், பார்ப் பக்கம் அறும் எண்டு தெரிஞ்ச இடத்துக்குப் பழைய ஸ்பார்க் பிளக், இரும்பு நட்டு கட்டி இறக்கிறன், அறுந்தாலும் மனசு நோகாது.

ஈயம் எடுக்கிறது டயர் கடையில கழிச்சுப் போடுற வீல் வெயிற்றும் (சில்லைச் சமன் செய்யப் பூட்டுற கட்டி) பழைய இரும்புக்கடைச் சாமானும். பற்றரிக்குள்ள இருக்கிற தகட்டை மட்டும் எடுக்காதேங்கோ, அதில அசிட், உருக்கேக்க வாற புகை ஆளைச் சாய்க்கும். வீல் வெயிற்றில இப்ப நாகமும் (துத்தநாகம்) இரும்பும் கலந்து வருது. அடிச்சுப் பார்த்தா ஈயம் தொப்பெண்டு சத்தம், நாகம் கிண்ணெண்டும். நாகம் உருகிறது 419 பாகையில, அதால சூட்டைக் கூட்டாம இருந்தா அது மேல மிதந்து வரும், அள்ளி வெளிய போடலாம், தவறி உருகிச் சேர்ந்தா அந்தச் சட்டி முழுக்கக் கூழ் மாதிரி, அச்சுக்குள்ள ஓடாது. வீல் வெயிற் ஈயம் அன்ரிமனி எண்ட உலோகம் கலந்து கொஞ்சம் இறுக்கமானது, அண்ணை துப்பாக்கிக்கு அதைத்தான் தேடித் தேடி வாங்கிறார், எனக்கு மென்மையான தனி ஈயம்தான் விருப்பம், பாரில அடிபட்டாலும் நெளியும், உடையாது.

அடுத்ததா 150 கிராம் பிரமிட் அச்சு ஒண்டு கடைவிக்க இருக்கிறன், டச்பேக்கு அதுதான் சரி. உருண்டை மாதிரி இல்ல, சரிவை ஒழுங்கா வெட்டாட்டி குண்டு அச்சை விட்டு வராது. கிண்ணியாவிலயோ மூதூரிலயோ அலுமினியத்தில அந்த வேலை செய்யிற லேத்கார அண்ணைமார் ஆரையும் தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்கோ.