கோடுகள் தெரிந்த குழாய்

"பின்னே என் பையனுக்கு எங்கிருந்து வந்துச்சு, சிஸ்டர்?" என்று அவர் கேட்டதற்கும் நான் வாய் திறந்ததற்கும் இடையே ஐந்து விநாடிகள்கூட ஆகியிருக்காது. அந்த ஐந்து விநாடிகளில் என் கண்கள் எங்கே போயின என்பதைத்தான் இரண்டு வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவை அவருடைய மனைவியின் பக்கம் போயின. அவரும் என் பார்வையைத் தொடர்ந்து அவளைப் பார்த்தார்.

அதற்குப் பத்து நிமிடங்களுக்கு முன்புதான், அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குழந்தையின் பெற்றோரிடம் வழக்கமாகச் சொல்வதை அவர்களிடமும் சொல்லியிருந்தேன். இது யாருடைய குற்றமும் இல்லை, அப்பாவிடமிருந்து ஒரு மரபணு, அம்மாவிடமிருந்து ஒரு மரபணு என இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும், இருவருக்கும் இதில் சம பங்கு. கூடலூர், பந்தலூர் பக்கத்து ஊர்களில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. குலதெய்வக் குறை, கிரகண நேரத்தில் வெளியே வந்தது, பெண் வீட்டாரின் ரத்தம் சரியில்லாதது என்று எல்லாப் பழியும் தாயின் தலையில் விழுகிற இடத்தில், அவளைக் காப்பாற்ற என்னிடம் இருந்த ஒரே வாக்கியம் இதுதான். அதே வாக்கியம் அன்று அவளுக்கு எதிராகத் திரும்பியது.

நான் செய்தது கரைதிறன் சோதனை. விரல் நுனியிலிருந்து எடுத்த சொட்டு ரத்தத்தை மருந்து நீரில் கலந்து, சில நிமிடங்கள் கழித்து, கறுப்புக் கோடுகள் போட்ட அட்டைக்கு முன்னால் குழாயைப் பிடிக்க வேண்டும். அரிவாள் ஹீமோகுளோபின் இருந்தால் நீர் கலங்கி, பின்னாலிருக்கும் கோடுகள் மறைந்துவிடும். மனைவியின் குழாயில் கோடுகள் மறைந்தபோது, "இதுதான் அடையாளம், நீங்க கேரியர், நோய் இல்லாம ஒரு மரபணுவை மட்டும் சுமக்கிறவங்க" என்று இருவருக்கும் காட்டி விளக்கியிருந்தேன். ஆகவே கணவரின் குழாயை உயர்த்தியபோது நான் எதுவும் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஒவ்வொரு கோடும் எண்ணிவிடலாம் என்பதுபோல் தெளிவாகத் தெரிந்தது. படிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான், அவர் சரியாகவே படித்தார்.

"வேற ஒரு டெஸ்ட் எடுக்கணும், அண்ணா" என்றேன். அது உண்மைதான், ஆனால் தாமதமாக வந்த உண்மை. அடுத்த வாரமே அவள் மகனோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவளாகப் போனாளா, அனுப்பப்பட்டாளா என்பதை நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் உரிமை எனக்கு இல்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன், பதிலைக் கேட்கும் துணிவும் இருக்கவில்லை.

அந்த வேறு டெஸ்ட், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. அதன் முடிவு வரப் பதினாறு நாட்கள் ஆயின. கணவரின் ரத்தத்தில் ஏ-2 என்ற ஹீமோகுளோபின் வகை 5.2 சதவீதம் இருந்தது. வழக்கமாக அது 3.5-ஐத் தாண்டாது. அவர் பீட்டா தலசீமியா கேரியர். ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாமல் போகிற இன்னொரு பரம்பரை ரத்தநோய் அது. அரிவாள் ஹீமோகுளோபினை மட்டும் காட்டும் கரைதிறன் சோதனையில் அது தெரிய வாய்ப்பே இல்லை. பையனுக்கு இருந்தது தாயிடமிருந்து அரிவாள் மரபணுவும் தகப்பனிடமிருந்து தலசீமியா மரபணுவும் சேர்ந்த கலப்பு நோய். பையனின் பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அவனுடைய ஏ-2 அளவும் உயர்ந்தே இருந்தது, சிவப்பணுக்களும் இருக்க வேண்டியதைவிடச் சிறியவையாக இருந்தன. இரும்புச்சத்துக் குறைவு என்று எண்ணி நாங்கள் அதைக் கடந்துபோயிருக்கிறோம். தகப்பன் கேட்ட கேள்விக்கான பதில், அவர் கேட்பதற்கு முன்பே என் மேசை இழுப்பறையில் இருந்தது.

அவர் வீட்டுக்கே போய் விளக்கினேன். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி 146 அமினோ அமிலங்களால் ஆனது, அதற்கான மரபணு 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது, ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்தால் சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது என்பதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "உங்க மனைவி கொடுத்த புத்தகத்துல ஒரு எழுத்து தப்பு, நீங்க கொடுத்த புத்தகத்துல அந்தப் பக்கமே அச்சாகலை, பையன்கிட்ட சரியான பக்கம் ஒண்ணுகூட இல்லை" என்றேன். தலை குனிந்து கேட்டவர், "அப்போ சரி" என்று மட்டும் சொன்னார். எது சரி என்று நான் கேட்கவில்லை.

நான் வேறு எப்படி நடந்திருக்க முடியும்? முடிவு வராத சோதனையைப் பற்றி ஊகம் பேசக்கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள், அது சரியான பாடம். தலசீமியாவாக இருக்கலாம் என்று அன்றே சொல்லி, அது இல்லையென்று அறிக்கை வந்திருந்தால், அவள் இன்னும் மோசமான இடத்தில் நின்றிருப்பாள். இந்த வாதத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் நான் மௌனமாக இருந்ததற்கு அந்தப் பாடம் காரணமில்லை என்பது எனக்குத் தெரியும். தலசீமியாவைப் பற்றிப் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியிருக்கிறேன். மலேரியா மலிந்திருந்த இந்த வயநாட்டுச் சரிவுக் காடுகளில் அரிவாள் மரபணு தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்கு, ஒற்றை மரபணு உள்ளவர்களை அது மலேரியாவிலிருந்து காத்ததே காரணம் என்றும், தலசீமியாவுக்கும் அதே காரணம் சொல்லப்படுகிறது என்றும் நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். இரண்டும் ஒரே மண்ணில் இருக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி இல்லை. இருந்தும் அந்தக் குழாயைப் பார்த்ததும் மனம் முதலில் போனது மரபணுவிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம்.

இந்தியாவில் அரிவாள் செல் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று இதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம் ரத்தம் எடுத்து 1952-இல் வெளியானது. எழுபது வருடங்களுக்கு மேலாக இம்மக்கள் கேட்டபோதெல்லாம் விரலை நீட்டுகிறார்கள். 2023-இல் தேசிய அளவிலான ஒழிப்புத் திட்டம் தொடங்கிய பின் நாற்பது வயதுவரை உள்ள எல்லோரையும் சோதிக்கிறோம், முடிவை எழுதி அட்டை கொடுக்கிறோம். அந்த வேலையை நான் முழுமனதோடு நம்புகிறேன். வலியில் துடிக்கிற பிள்ளைகளுக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரை கிடைப்பதும், திருமணத்துக்கு முன்பே கேரியர்கள் தங்களைத் தெரிந்துகொள்வதும் அதனால்தான். ஆனால் ரத்தம் எடுக்கும் முன், இந்த முடிவு உங்கள் வீட்டில் எதையெல்லாம் தொடும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாதங்கள் கழித்து அவள் மகனுக்கு மாத்திரை வாங்க வந்தாள். வீட்டுக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "அந்த ரிப்போர்ட்ல அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, சிஸ்டர்?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மறுபடியும் சோதித்திருப்போம், ரத்த மாதிரி மாறியிருக்கிறதா என்று பார்த்திருப்போம் என்றேன். "அப்பவும் இல்லைன்னா?" என்றாள். உங்களிடம் மட்டும் தனியாகப் பேசியிருப்பேன் என்று சொல்ல நினைத்து, அதற்குப் பொருள் என்ன என்பது உறைத்ததும் நிறுத்திக்கொண்டேன். அவள் மாத்திரைகளை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதன்பின் நான் கணவன் மனைவியை ஒன்றாக உட்காரவைத்துக் குழாயைக் காட்டுவதில்லை, தனித்தனியாக அழைக்கிறேன். கரைதிறன் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் எச்.பி.எல்.சி. பார்க்காமல் 'இல்லை' என்று சொல்வதில்லை. தனியாக அழைப்பதே சந்தேகத்தை விதைக்கும் என்கிறார் என்னோடு வேலை செய்யும் மூத்த செவிலியர். முன்பு அதை மறுத்து வாதாடினேன், இப்போது அவ்வளவு உறுதியாக மறுக்க முடியவில்லை.

சென்ற மாதம் அந்தத் தகப்பன் தன் தம்பியைச் சோதனைக்கு அழைத்து வந்தார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, பெண்ணும் உடன் வந்திருந்தாள். "பொண்ணு வெளியே இருக்கட்டும், சிஸ்டர்" என்று அவரே சொன்னார். நானும் அப்படியே செய்தேன். தம்பிக்கு ரத்தம் எடுத்து முடித்து அவளை உள்ளே அழைத்தபோது, நாற்காலியில் உட்காரும் முன்பே, இவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று அவள் என்னைக் கேட்டாள்.