கிரைண்டரின் கார்டைக் கழற்றாதீர்கள்

கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலை நடக்கும் சைட்டுகளில் பாருங்கள், கையில் பிடித்து அறுக்கும் நாலு இஞ்ச் கிரைண்டரில் பல் பிளேடு மாட்டிப் பலகை அறுப்பார்கள். பிளேடை மூடும் தடுப்பான கார்டு இருக்காது. இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருப்பார்கள். நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுற்றும் மெஷின் அது. கல்லுக்கும் இரும்புக்கும் செய்தது. பல் மரத்தில் கடித்தால், பிடித்திருக்கும் கையை உதறிவிட்டுத் தொடைக்கோ கழுத்துக்கோ பாயும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்த உதறலைக் கையால் நிறுத்த முடியாது.

ஒப்பந்தக்காரர்களே, மரத்துக்கென்று உள்ள சர்குலர் ரம்பத்தை வாங்கிக் கொடுங்கள். சட்டப்படி தொழிலாளியின் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. பாவம், கூலிக்காரன் சொந்தக் காசில் எப்படி வாங்குவான்?

அப்புறம், விரல் துண்டானால் அதை நேரடியாக ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பையை ஐஸ் மேல் வையுங்கள். காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே 108ஐ அழையுங்கள்.