பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு

போன வருஷம் என் மகன் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மேற்கே பார்த்துக் கும்பிட்டு நேர்ந்துகொண்டாள் அம்மை. "பட்டவராயா, பிள்ளை எழும்பி நடந்துட்டாம்னா ஒனக்கு ஒரு சோடி செருப்பு." பிள்ளை நடந்துவிட்டான். இந்த ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலைக்காட்டுக்குள் இருக்கும் காரையாறு சொரிமுத்தையன் கோயிலுக்குப் போய்வந்தோம். பட்டவராயன் அங்கே இருக்கும் காவல் சாமி; அவனுக்கு நேர்ச்சை செருப்புதான். செருப்புக் கடைக்காரர் அளவு கேட்கவில்லை. பட்டவராயனுக்கு என்றதும் பெரிய ஜோடியாக அவரே எடுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. வனத்துறைச் சோதனைச் சாவடியில் எல்லாப் பைகளையும் திறந்து காட்ட வேண்டும். "நம்ம குலதெய்வத்தைக் கும்பிட நமக்கே கட்டுப்பாடா" என்று பின்சீட்டில் ஒருவர் சத்தம் போட்டார். முன்பெல்லாம் நானும் அப்படிப் பேசியவள்தான். அம்மை சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் வண்டி கட்டிப் போய், குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்களாம். ஓலைப்பெட்டியும் மண்பானையும் வாழையிலையும்தான் சாமான். விட்டு வந்தாலும் மண்ணோடு மண்ணாகிவிடும். இப்போது நாம் கொண்டுபோவது அப்படியா?

கோயில் வாசலுக்குப் போவதற்குள், ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் நேரே சன்னதிக்குக் கூட்டிப்போவதாக ஒருவன் ஒட்டிக்கொண்டான். அய்யன் முன்னால் நிற்க விலையா என்று நெஞ்சு கொதித்தது. அவனை விலக்கிவிட்டு ஆற்றில் இறங்கினோம். தாமிரபரணி ஜில்லென்று காலைப் பிடித்தது. பக்கத்திலேயே சோப்பு நுரை மிதந்தது. பாறை இடுக்கில் யாரோ விட்டுப்போன சேலை சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு முங்கு போட்டு எழுந்தபோது உள்ளங்காலில் சுருக்கென்றது. உடைந்த பாட்டில். தண்ணீர் சிவந்து ஓடியது.

மகன் என்னைக் கரைக்குத் தூக்கி வந்து துண்டைக் கிழித்துக் கட்டினான். நான் வலியில், பாட்டிலைப் போட்டவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நாம போனப்புறம் ராத்திரி இந்தத் தண்ணிக்கு மிளா வரும், யானை வரும். அதுகளுக்கு யாருட்டி செருப்பு நேர்ந்து போடுவா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. 1988இல் களக்காடும் இந்த முண்டந்துறைக் காடும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது என்று பள்ளியில் படித்தவள் நான். அம்மைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. காடு அய்யனுடையது, ஆற்றுக் கசத்து மீன் அய்யனுடையது, அதில் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் அறிந்த சட்டம். பாபநாசம் படித்துறை மீனுக்குப் பொரி போடும் கை, அதைப் பிடிக்க வலை வீசுமா? அதே பயமும் பக்தியும், துணியையும் பாட்டிலையும் ஆற்றில் விடும்போது நம்மில் பலருக்கு எங்கே போயிற்று?

மகன் அந்த இடத்தில் தடவித் தடவிக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான். பார்த்த நாலு பையன்களும் கூட இறங்கினார்கள். அரைப்பை சேர்ந்தது.

நொண்டிக்கொண்டுதான் பட்டவராயன் முன்னால் போனேன். மாமனார் வீட்டு மாடுகளைக் காக்கப் போய் உயிர்விட்டவன்; பொம்மக்காவும் திம்மக்காவும் கூட இருக்க, இன்றும் ராத்திரியில் காடு சுற்றுகிறவன். போன வருஷத்துச் செருப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஜோடியின் குதிகால் தேய்ந்து, ஓரத்தில் மண் அப்பியிருந்தது. சாமி நடந்த தேய்மானம். மகன் தன் நேர்ச்சைச் செருப்பைக் கட்டினான். முறிந்த காலை ஊன்றி, எம்பி, அவனே கட்டினான். எனக்குக் கண் மறைத்துவிட்டது. கூட்டம், நெரிசல், கால்வலி எதுவும் தெரியவில்லை. அப்பா, பிள்ளையைக் கொடுத்தாயே என்று மட்டும்தான் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அய்யனையும் காவல் தெய்வம் சங்கிலி பூதத்தாரையும் எப்படிக் கும்பிட்டேன், எவ்வளவு நேரம் நின்றேன், நினைவில்லை.

திரும்பும்போது கண்ணாடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மலை மறையும்வரை கையெடுத்தபடியே வந்தாள். அய்யனே, அடுத்த ஆடிக்கும் எங்களைக் கூப்பிடு.